பழைய ஜீப்பின் ஸ்ரியரிங்: ஆட்டத்தை மறைப்பதா, காரணத்தைக் களைவதா?

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு மாலை. ஹலிபேர்ட்டன் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் ஒரு நாளைக் கழித்துவிட்டு, 35ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியாக ரொறன்ரோ நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். என் தமக்கையின் மகன் வண்டியைச் செலுத்தினான். நான் அருகில் இருந்தேன். பின் இருக்கையில் தமக்கை. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கிய கணத்தில், முன் சில்லுகள் இரண்டும் வெறிகொண்டவை போல இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கின. ஸ்ரியரிங் வளையம் அவன் கைகளை உதறித் தள்ளியது. வண்டியின் முகப்பு முழுவதும் நடுங்கிற்று. அவன் பதறிப் பிறேக்கை மிதிக்கவில்லை. காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்து, வளையத்தை முறுக்கிப் பிடிக்காமல் தாங்கி, மெல்ல மெல்லச் சாலையோரம் சேர்த்தான். வேகம் 40க்குக் குறைந்த பின்னரே ஆட்டம் நின்றது.

"தம்பி, நான் இனி இதிலை ஏறமாட்டன்" என்றாள் தமக்கை. அவள் சொன்னது மகனுக்கு. ஆனால் தைத்தது எனக்கு. ஏனெனில் மூன்று வாரங்களுக்கு முன் இதே ஆட்டம் சிறிதாகத் தலைகாட்டியபோது, "புதிதாக ஒரு ஸ்ரியரிங் டாம்பர் வாங்கிப் போட்டுவிடு, நின்றுவிடும்" என்று அறிவுரை கூறியவன் நானே. அவனும் போட்டான். ஆட்டமும் நின்றது. நின்றதென்று நாம் நம்பினோம்.

வன்னியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். முதலாம் உலகப் போரைப் பற்றிய பாடத்தில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு ஒன்றை வலியுறுத்துவது வழக்கம். 1914ஆம் ஆண்டு சரயேவோ நகரில் வெடித்த துப்பாக்கி, போருக்கு உடனடி நிகழ்வு மட்டுமே; காரணங்கள் அதற்கு முன்னரே கனிந்திருந்தன. உடனடி நிகழ்வு வேறு, காரணம் வேறு என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட நானே, என் மருமகனின் வண்டி விடயத்தில் அதனை மறந்துவிட்டேன். பாலத்தின் இணைப்பு உடனடி நிகழ்வு. காரணம் வண்டியின் அடியில் இருந்தது.

எம்மவர் பிள்ளைகள் பலர் இன்று பழைய ஜீப், பழைய ரொயோற்றா போன்ற காட்டுப் பாதை வண்டிகளை மலிவாக வாங்கி, தம் கைகளாலேயே திருத்தி, உயர்த்தி, பெரிய ரயர் பூட்டி ஓடுகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அதே வண்டியில்தான் தாயைக் கோயிலுக்கும் தங்கையை வகுப்புக்கும் ஏற்றிச் செல்கிறார்கள். ஆதலால் அந்த நிகழ்வின் பின் நான் கற்றவற்றை இங்கு எழுதுவது என் கடன் எனக் கருதுகிறேன்.

எமது வண்டி

எங்களுடையது ஜீப் செரோக்கி. எக்ஸ்-ஜே என்ற குறியீட்டால் அறியப்படும் வகை. 1984ஆம் ஆண்டு மாதிரியாக அறிமுகமாகி, வட அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டு மாதிரி வரை விற்பனையானது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள ரொலீடோ நகரில் உருவானது. இதனை வடிவமைத்த அமெரிக்கன் மோட்டர்ஸ் நிறுவனத்தை 1987இல் கிறைஸ்லர் வாங்கியது. சட்டகமும் உடலும் ஒன்றாக வார்க்கப்பட்டது போன்ற இலேசான அமைப்பு. முன்பக்கத்தில் இரு சில்லுகளையும் இணைக்கும் ஒரே திடமான அச்சு; அதன்மேல் சுருள்வில். இந்த எளிமையே அதன் புகழுக்குக் காரணம். அந்தத் திட அச்சுத்தான், மூட்டுகள் தேய்ந்துவிட்டால், நாம் கண்ட பேயாட்டத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஒரு சில்லு உதறினால் அந்த உதறல் அச்சு வழியாகவும் தண்டுகள் வழியாகவும் மற்றச் சில்லைச் சேர்ந்து, மீண்டும் திரும்பி வந்து, ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவது போல வளர்கிறது.

வளையத்திலிருந்து சில்லு வரை

எதையும் மாற்றுமுன் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். ஸ்ரியரிங் வளையத்தை நாம் திருப்பும்போது அதன் தண்டு, இடப்பக்கச் சட்டத்தில் மூன்று போல்ற்றுகளால் பூட்டப்பட்டுள்ள ஸ்ரியரிங் பெட்டியைத் திருப்புகிறது. பெட்டியின் அடியில் தொங்கும் கைக்குப் பிற்மன் ஆம் என்று பெயர். அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு குறுக்கே சென்று வலப்பக்கச் சில்லைத் திருப்புகிறது. மெக்கானிக்மார் இதனை ட்றாக் லிங்க் என்பர். பின்னர் வரவிருக்கும் ட்றாக் பார் என்ற வேறொரு தண்டுடன் எமது எழுத்தில் இது குழம்புமாதலால், இங்கு இதனை இழுதண்டு என்றே அழைக்கிறேன்.

இடப்பக்கச் சில்லுக்கு நேரடித் தொடர்பு கிடையாது. அதிலிருந்து புறப்படும் ரை றொட் என்னும் தண்டு, இழுதண்டின் வலது முனைக்கு அருகில் சென்று பொருந்துகிறது. முன்னிருந்து பார்த்தால் இரு தண்டுகளும் கவிழ்ந்த கவண்கிளை போலத் தோன்றும். இவற்றின் முனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பந்து மூட்டு உண்டு. எமது தோள்மூட்டுப் போலக் கிண்ணத்துக்குள் உருளும் பந்து.

மூன்றாவது தண்டே ட்றாக் பார். இது சில்லைத் திருப்புவதில்லை. இதன் இடது முனை வண்டியின் சட்டத்திலும், வலது முனை அச்சிலும் பூட்டப்பட்டிருக்கும். அச்சு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து வைத்திருப்பதே இதன் பணி. இது தளர்ந்தால், வளையத்தை அசையாமல் பிடித்திருந்தாலும் அச்சே வண்டிக்கடியில் இடமும் வலமும் ஊர்ந்து, சில்லுகளைத் தானாகத் திருப்பிவிடும்.

வண்டியை உயர்த்தினால் நேர்வது

இளைஞர்கள் முதலில் செய்வது வண்டியை உயர்த்துவதே. மூன்று அங்குலம் உயர்த்தினால் பெட்டி மேலே போகிறது. அச்சு இருந்த இடத்திலேயே நிற்கிறது. இழுதண்டும் ட்றாக் பாரும் செங்குத்தாகச் சரிகின்றன. சரிந்த ட்றாக் பார் அச்சை இடப்பக்கம் இழுத்துவிடுகிறது. ஆதலால் மூன்று அங்குலம் அல்லது அதற்கு மேல் உயர்த்துவோர், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ட்றாக் பார் ஒன்றைப் பொருத்துவது அவசியம்.

இங்கு ஒரு விதி உண்டு. இழுதண்டும் ட்றாக் பாரும் எப்போதும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தால் பள்ளத்தில் அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வில்லில் அசையும். வண்டி நேரே போகும். இல்லையேல், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாக ஒரு பக்கம் வெட்டும். சிலர் இழுதண்டின் சரிவைக் குறைக்க, நீளமாகக் கீழே தொங்கும் பிற்மன் ஆம் ஒன்றை மட்டும் வாங்கிப் பூட்டுகிறார்கள். ட்றாக் பாரின் மேல் முனையையும் அதே அளவு கீழிறக்காமல் இதைச் செய்தால் நோய் முன்னிலும் கடுமையாகும்.

உயர்த்துவதால் இன்னொன்றும் கெடுகிறது. நாம் ஊரில் கைகளை விட்டுச் சைக்கிள் ஓடியதை எண்ணிப் பாருங்கள். முன் கவர் சாய்ந்திருப்பதால் சில்லு தானாக நேருக்கு வரும். ஜீப்பின் முன் சில்லுகளுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. தொழிற்சாலை அளவில் சுமார் 7 பாகை. உயர்த்தும்போது இது குறைந்து, வண்டி சாலையில் அலையத் தொடங்கும். அச்சைப் பிடித்திருக்கும் கீழ்க் கரங்களைச் சரிசெய்து இதனை மீட்க வேண்டும்.

காரணத்தைத் தேடியது

அந்த ஞாயிறின் மறுநாள் வண்டியை ஸ்காபரோவில் சிறு கராஜ் நடத்தும் எம்மூர் அன்பர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். என் மருமகன் ஏற்கெனவே பளபளக்கும் தடித்த ரை றொட் ஒன்றும் பூட்டியிருந்தான். அதையும் புதிய டாம்பரையும் பார்த்த அன்பர் சிரித்தார். "மாஸ்ரர், பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டவுடனை பனடோலைக் குடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பின மாதிரிக் கிடக்கு" என்றார். டாம்பர் என்பது அதிர்வைத் தணிக்கும் ஒரு குழாய். தொழிற்சாலையே ஒன்றைப் பொருத்தித்தான் அனுப்புகிறது. சிறு உதறல்களை அது அடக்கும். தேய்ந்த மூட்டைச் சரியாக்காது. தேய்வு முற்றும்வரை அதனை எம் கண்ணிலிருந்து மறைக்கும்.

அவர் செய்த சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பேர் போதும். வண்டியின் நான்கு சில்லுகளும் தரையில் நிற்க, கை பிறேக்கை இழுத்துப் பின் சில்லுகளுக்கு ஆப்பு வைத்து, எஞ்சினை இயக்கினார். என் மருமகன் உள்ளே இருந்து வளையத்தைச் சிறிது இடமும் சிறிது வலமுமாக விடாது அசைத்தான். அன்பர் கீழே ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்தார். நல்ல மூட்டில் இரு பக்கமும் ஒருங்கே அசையும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்த பின்னரே மறுபக்கம் அசையும்; அந்த இடைவெளி விரல் நுனிக்கு நன்றாகத் தெரியும். பிற்மன் ஆமில் தொடங்கி இழுதண்டு, ரை றொட், ட்றாக் பார் என்று ஒழுங்காகச் சென்றார்.

பின்னர் முன்பக்கத்தை உயர்த்தி, ஜாக்கை நம்பாமல் உறுதியான தாங்கிகளில் அச்சை இருத்தி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். அதில் ஆட்டம் இருந்தால் சில்லைத் தாங்கும் பந்து மூட்டோ பெயரிங்கோ தேய்ந்திருக்கும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் தண்டு முனைகளின் தேய்வு தெரியும். இறுதியாக ஸ்ரியரிங் பெட்டி பூட்டியிருக்கும் சட்டத்தில் வெடிப்பு உண்டா என்று விளக்குப் பிடித்துப் பார்த்தார். பெரிய ரயர் பூட்டிய எக்ஸ்-ஜே வண்டிகளில் அவ்விடம் வெடிப்பது அறிந்த குறையாம்.

எமது வண்டியில் அவர் கண்டவை இரண்டு. ட்றாக் பாரின் அச்சுப்பக்க றப்பர் கிழிந்திருந்தது. அதைவிடக் கொடியது, அந்த போல்ற் செல்லும் துளையே தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. தளர்ந்த போல்ற்றுடன் நெடுநாள் ஓடியதன் விளைவு. நாம் பூட்டிய தடித்த ரை றொட்டும் புதிய டாம்பரும் அந்தத் துளையை ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை. வலிய தண்டு தளர்ந்த மூட்டைக் குணப்படுத்தாது என்பதை அன்று கண்ணாற் கண்டேன்.

மாற்றும் ஒழுங்கு

அவர் கூறிய ஒழுங்கை அப்படியே தருகிறேன். முதலில் ட்றாக் பார். றப்பர், பந்து முனை, போல்ற், அது செல்லும் துளை ஆகிய அனைத்தும் சரியாக வேண்டும். துளை பெரிதாகியிருந்தால் பெரிய போல்ற் போட்டுச் சமாளிக்காமல், தகுதிபெற்ற வெல்டர் ஒருவரைக் கொண்டு சரியான துளையுள்ள தகடு பற்றவைப்பிக்க வேண்டும். எமக்கும் அதுவே செய்யப்பட்டது.

இரண்டாவது, தேய்ந்த பந்து மூட்டுகளும் தண்டு முனைகளும். இங்கு வாங்கிய முனைகள் கிறீஸ் ஊட்டும் முலையுள்ளவையாக இருந்தால் நன்று. இந்நாட்டின் மாரியில் சாலையில் கொட்டும் உப்பு, மூட்டின் றப்பர் உறையைக் கடந்து உள்ளே சென்றால் விரைவில் தின்றுவிடும்.

மூன்றாவதாகவே தண்டுகளை வலுப்படுத்தும் வேலை வருகிறது. எக்ஸ்-ஜேயின் சொந்த ரை றொட் உள்ளீடற்ற குழாய். பாறையில் இடித்தால் வளைந்துவிடும். 1993 முதல் 1998 வரையான எட்டுச் சிலிண்டர் கிராண்ட் செரோக்கியின் ரை றொட் திடமான இரும்பு. அது அதற்குரிய முனையுடனும் இணைப்புக் குழலுடனும் எக்ஸ்-ஜேயில் நேரடியாகப் பொருந்தும். குறைந்த செலவில் கூடிய பலன் தரும் மேம்பாடு இதுவென்பது அனுபவசாலிகளின் துணிபு. இன்னும் மேலே செல்ல விரும்புவோர், ஒரு தொன் பார வண்டிகளின் பெரிய முனைகளைப் பூட்டுகின்றனர். அதற்குச் சில்லுப்பக்கத் துளைகளைக் கூம்பு வடிவில் கடைந்து பெரிதாக்க வேண்டும். கடைந்ததை மீண்டும் சிறிதாக்க முடியாதாகையால், பழக்கமற்ற கை அதில் இறங்குதல் கூடாது.

நான்காவது, பெரிய ரயர் பூட்டியோருக்கு, ஸ்ரியரிங் பெட்டியை எதிர்ப்பக்கச் சட்டத்துடன் இணைத்துத் தாங்கும் ஒரு முட்டு. பெட்டியின் மேலுள்ள திருகை இறுக்கினால் ஆட்டம் குறையும் எனச் சிலர் சொல்வர். வேறெல்லாம் சரிபார்க்குமுன் அதைத் தொடாதீர்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெட்டி இறுகித் தானே தேய்ந்துவிடும். டாம்பர் இறுதியில் வரட்டும்.

கைவேலையில் கவனிக்க வேண்டியவை

பழைய முனையைக் கழற்றும்போது அது எத்தனை சுற்றில் வெளிவருகிறது என எண்ணி எழுதி வைத்து, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். சில்லுகள் ஏறக்குறையப் பழைய நேரில் நிற்கும். ஒரு முனையின் மரை இடப்பக்கமாகச் சுற்றும் என்பதையும் மறவாதீர்கள். கூம்புத் தண்டு அமரும் துளை துடைத்துத் துப்புரவாக, எண்ணெயின்றி இருக்க வேண்டும். நட்டைப் பட்டறை நூலில் தந்த அளவுக்கு முறுக்கு ஸ்பானரால் இறுக்கிய பின், பிளவு ஊசியின் துளை நேருக்கு வராவிட்டால், நட்டை இன்னுஞ் சிறிது இறுக்கி நேராக்குக. ஒருபோதும் தளர்த்தி நேராக்கலாகாது. பழைய ஊசியை மீண்டும் பயன்படுத்துவதும் ஆகாது. ட்றாக் பாரின் றப்பர்ப் பக்க போல்ற்றை, வண்டி தன் பாரத்துடன் தரையில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் றப்பர் முறுகிக் கிழியத் தொடங்கும்.

இரு முன் ரயர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் நாடாவால் அளந்து பார்க்கலாம். முன்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறைவாக இருந்தால் கராஜுக்கு ஓட்டிச்செல்லப் போதுமானது. அதன்பின் அலைன்மென்ற் செய்தே ஆகவேண்டும். ரை றொட்டால் முதலில் சில்லுகளை நேராக்கி, பின்னரே இழுதண்டின் குழலைத் திருகி வளையத்தை நடுவுக்குக் கொண்டுவருவது முறை. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

சான்றிதழும் காப்புறுதியும்

ஒன்ராறியோவில் பழைய வண்டி ஒன்றைச் சாலைக்குத் தகுதியானதாகப் பெயர்மாற்றம் செய்ய, பாதுகாப்புத் தராதரச் சான்றிதழ் வேண்டும். அது 36 நாட்களுக்கே செல்லும். சோதித்த நாளில் வண்டி குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு அப்பால் அது எந்த உத்தரவாதமும் அல்ல. எமக்கு வண்டியை விற்றவரும் சான்றிதழுடனேயே விற்றார். அதை மட்டும் நம்பி அடியில் பாராதது எமது பிழை. வண்டியை உயர்த்தியிருந்தாலோ ஸ்ரியரிங் பாகங்களை மாற்றியிருந்தாலோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து விடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்தின்பின் இழப்பீடு கோரும்போது எமக்கு எதிராக நிற்கக்கூடும்.

ஓட்டத்தில் இத்தகைய பேயாட்டம் பிடித்தால் செய்யவேண்டியது என் மருமகன் செய்ததே: பதறாமல், சடுதியாகத் திருப்பாமல், படிப்படியாக வேகத்தைக் குறைத்து ஓரத்தில் நிறுத்துதல். பின்னர் அதே வண்டியை அதே வேகத்தில் வீட்டுக்கு ஓட்டி வரலாம் என எண்ணாதிருத்தல்.

எமது வண்டி திருந்தியது. முதல் நாள் நானும் மருமகனும் மட்டுமே ஏறி, பழைய வழியால் சென்று, அதே பாலத்தை அதே வேகத்தில் கடந்தோம். இணைப்பில் சில்லு தட்டிய ஓசை மட்டும் கேட்டது; வளையம் அசையவில்லை. அதன்பின்பும் தமக்கை இரண்டு மாதம் ஏற மறுத்தாள். மகன் கெஞ்சினான், நான் கெஞ்சவில்லை. எந்தத் துளை தேய்ந்திருந்தது, அதை எப்படி அடைத்தார்கள் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை முதலே பாத்திருக்கலாமே" என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அந்த வண்டியில்தான் வந்தாள்.